போர் ஓய்ந்த பின் தாயின் மனம்

ஸ்வாத் பள்ளத்தாக்கிலும் ராவல்பிண்டிக் கிராமங்களிலும் நடந்த ஆராய்ச்சிகள், யுத்தம் தீண்டிய நாடுகளின் தாய்மாரைப் பற்றி உலகத்துக்குச் சொல்வது என்ன?

2009-ஆம் ஆண்டு மே மாதத்தில், பாகிஸ்தானின் அப்போதைய வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தைச் சேர்ந்த ஸ்வாத் பள்ளத்தாக்கில் தாலிபான்களை எதிர்த்து அந்நாட்டு ராணுவம் பெரும் நடவடிக்கையைத் தொடங்கியபோது, ஸ்வாத்திலிருந்தும் அதை அடுத்த புனேர், திர் மாவட்டங்களிலிருந்தும் சில வாரங்களுக்குள் 20 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வீடுவாசலைத் துறந்து, கைக்கு அகப்பட்டதை மூட்டை கட்டிக்கொண்டு, மர்தான், ஸ்வாபி முதலிய சமவெளி ஊர்களை நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் கூடாரங்களில் தங்கவில்லை. உறவினர் வீடுகளிலும், முன்பின் அறியாதவர்கள் இரக்கங்கொண்டு திறந்துவிட்ட அறைகளிலும், பள்ளிக்கூடக் கட்டிடங்களிலும் ஒண்டிக் காலம் கழித்தார்கள். ஊர் திரும்பிச் சுவரைப் பூசிக் கூரையைச் செப்பனிட்டு மூச்சுவிடுவதற்குள், 2010-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் வந்து, மிஞ்சியிருந்த வயல்களையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போயிற்று.

யுத்தங்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் மாண்டோரை எண்ணுகிறார்கள். இடிந்த வீடுகளையும் தகர்ந்த பள்ளிகளையும் எண்ணுகிறார்கள். அகதிகளுக்கு அளந்த கோதுமையைக்கூட மூட்டைக் கணக்காக எழுதி வைக்கிறார்கள். ஆனால் நிறைமாத வயிற்றோடு மலைப்பாதையில் இறங்கியவளும், பச்சை உடம்போடு அயலார் வீட்டு மூலையில் படுத்தவளும், சண்டை முடிந்துவிட்டது என்று அரசாங்கம் அறிவித்த பிறகும் எத்தனை இரவுகள் கண் மூடாமல் கிடந்தார்கள், பெற்ற குழந்தையின் முகத்தைப் பார்த்தும் மகிழ்ச்சி எழாத தங்கள் நெஞ்சை எண்ணி எவ்வளவு குற்ற உணர்ச்சியில் வெந்தார்கள் என்பதைக் குறித்துவைக்க எந்தச் சர்க்காரின் ஏட்டிலும் இடம் ஒதுக்கப்படுவதில்லை. அந்த இடத்தை ஒதுக்கித் தர முன்வந்த ஆராய்ச்சியாளர்கள் சிலரின் உழைப்பைப் பற்றியும், அந்த உழைப்பு நமக்குக் கற்பிக்கும் தர்மத்தைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேறுகாலத்துத் துக்கம்

பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் பெண்ணின் மனம் நோயுறக்கூடும் என்பதை வைத்திய உலகம் அறியாமலில்லை. 1858-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத்து வைத்தியர் லூயி விக்டர் மார்சே, கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்த பெண்களுக்கும் நேரும் மனோவியாதிகளைப் பற்றியே ஒரு தனி நூலை எழுதி வெளியிட்டார். ஆயினும் புத்தி பேதலித்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட சிலரை மட்டுமே அக்காலத்து வைத்தியர்கள் கண்டார்கள். அடுப்பை மூட்டிக்கொண்டும், தண்ணீர் சுமந்துகொண்டும், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டும், வெளிப் பார்வைக்கு எல்லாம் செம்மையாக இருப்பதுபோல நடமாடிக்கொண்டே உள்ளுக்குள் நாளுக்கு நாள் நொறுங்கிக்கொண்டிருந்த பெரும்பான்மையோர் எவர் கண்ணிலும் படவில்லை.

அவர்களைக் கண்டுகொள்வதற்கு ஓர் எளிய வழியை 1987-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஆராய்ந்த ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகிய மூவரும் வகுத்துக் கொடுத்தார்கள். எடின்பரோ அளவுகோல் என்று இன்று உலகம் முழுவதும் வழங்கும் அதில் பத்தே வினாக்கள் உள்ளன. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, தன்னைத் தானே வீணாகப் பழித்துக்கொண்டாளா, காரணமின்றி அச்சமோ பதற்றமோ உண்டாயிற்றா, அழுகை வந்ததா என்பன போன்ற, கல்வி அறிவில்லாதவளும் யோசித்து விடை சொல்லக்கூடிய சாதாரண வினாக்களே அவை. கைக்குழந்தைக்காரிக்கு உடல் அசதி இயல்பு. ஆதலால் களைப்பையும் பசியின்மையையும் நோயின் அடையாளமாகக் கொள்ளாமல், மனத்தின் நிலையை மட்டுமே பற்றி விசாரிக்கும்படி அதை அமைத்ததில்தான் அவர்களுடைய நுட்பம் விளங்குகிறது. தமிழ்த் தாய்மாரிடையேயும் அவ்வளவுகோல் பிழையின்றிப் பயன்படுமா என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் சோதித்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

உலகம் முழுவதும் சிதறிக் கிடந்த இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி ஜேன் ஃபிஷரும் அவருடைய தோழர்களும் 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு தொகுப்பை வெளியிட்டபோது, வறிய நாடுகளிலும் அவற்றுக்குச் சற்றே மேற்பட்ட நாடுகளிலும் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதத்தினரும் பிரசவித்தவர்களில் 19.8 சதவீதத்தினரும் மனச்சோர்வு, பதற்றம் முதலிய துன்பங்களுக்கு ஆளாகிறார்கள் என்று தெரியவந்தது. செல்வ நாடுகளில் காணப்படுவதைவிட இது மிகுதி. அமைதியான காலத்தின் கணக்கே இவ்வாறிருக்க, யுத்தம் நடக்கும் நாடுகளிலும் அண்மையில் யுத்தம் கண்ட நாடுகளிலும் ஆண், பெண் இருபாலாரிலும் ஐவரில் ஒருவருக்கு மேல், அதாவது 22.1 சதவீதத்தினர், ஏதேனும் ஒரு மனோவியாதியோடு வாழ்கிறார்கள் என்று 2019-ஆம் ஆண்டின் மதிப்பீடு ஒன்று கூறிற்று. இவ்விரண்டு கணக்குகளும் எவளிடத்தில் வந்து கூடுகின்றனவோ அவளே நாம் இங்கே பேசும் தாய்.

குண்டு வீழ்ந்த நாளும் பிந்திய நாட்களும்

1990-களில் பாஸ்னியாவிலும் ருவாண்டாவிலும் நடந்த கொடுமைகளைக் கண்டு பதைத்த மேலை நாட்டு உதவி நிறுவனங்கள், மருந்தும் மாவும் கொண்டுபோன கப்பல்களோடு மனநல நிபுணர்களையும் அனுப்பத் தொடங்கின. அவர்களுடைய வினாத்தாள்களில் பெரும்பாலானவை, கண்ணெதிரே கொலை நடந்ததா, குண்டுவீச்சில் அகப்பட்டாயா, சிறைப்பட்டாயா என்று அதிர்ச்சி தந்த நிகழ்ச்சிகளையே வரிசையாகக் கேட்டன. அந்த நிகழ்ச்சிகளின் நினைவே நோய், அந்த நினைவை ஆற்றுவதே சிகிச்சை என்பது அவர்கள் கொள்கை. யுத்தத்தில் அடிபட்ட ஒரு சமுதாயத்தின் துயரத்தை இவ்வாறு தனி மனிதர்களின் வியாதியாகச் சுருக்கிவிடுவது முறையன்று என்று டெரக் சம்மர்ஃபீல்டு போன்ற மனநல வைத்தியர்கள் கடுமையாக ஆட்சேபித்தார்கள். இரு சாராரின் விவாதமும் முற்றி நின்ற வேளையில், 2010-ஆம் ஆண்டில், கென்னத் மில்லரும் ஆண்ட்ரூ ராஸ்முஸனும் ஓர் ஆய்வுரையில் இருவருக்கும் பொதுவான ஒரு வழியைக் காட்டினார்கள். யுத்தத்தின் கொடிய காட்சிகள் மனத்தைப் புண்படுத்துவது மெய்யே. ஆனால் அந்த யுத்தம் விட்டுச் செல்லும் வறுமை, இட நெருக்கடி, உறவுகளின் சிதைவு, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை முதலிய அன்றாடத் தொல்லைகளே அந்தப் புண்ணை ஆறவிடாமல் நாள்தோறும் கிளறிக்கொண்டிருக்கின்றன என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று நம் பெரியோர் சொல்வார்களே, அதுதான் யுத்தம் ஓய்ந்த ஊர்களின் நிலைமை.

தாய்மாரைப் பற்றிய ஆராய்ச்சிகளைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த உண்மை தெளிவாகவே புலப்படும். ஸ்வாத்தில் கர்ப்பிணிப் பெண்களிடையே நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வொன்றில், சண்டை ஓய்ந்து சில ஆண்டுகள் கடந்த பின்னரும், மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் கடுமையான மனவேதனையில் இருந்தது தெரியவந்தது. யுத்தத்தின் வாடையே படாத இடங்களில் தாய்மாரை வாட்டுபவை எவை என்று பார்த்தாலோ, காரணங்கள் நமக்கு மிகவும் அறிமுகமானவையாகவே இருக்கின்றன. ராவல்பிண்டி மாவட்டத்துக் கிராமங்களில் கர்ப்ப காலத்தில் மனச்சோர்வுற்ற பெண்களை மனநல ஆராய்ச்சியாளர்கள் அதீஃப் ரஹ்மானும் ஃபிரான்சிஸ் கிரீடும் குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை தொடர்ந்து கவனித்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் அந்த ஆண்டு முழுவதும் சோர்வு நீங்காமலே இருந்தார்கள்; வறுமை, ஐந்தும் அதற்கு மேலுமான குழந்தைகள், படிப்பில்லாத கணவன், மனம்விட்டுப் பேச ஒரு துணை இல்லாமை ஆகியவையே சோர்வு நீடிப்பதற்குக் காரணங்களாகத் தோன்றின. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வும், குறைந்த வருமானம், ஆண் மகவை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைக்கு உதவி இல்லாமை என்று ஏறக்குறைய அதே பட்டியலைத்தான் தருகிறது. இத்தனைச் சுமைகளையும் ஏற்கனவே தோளில் தாங்கி நிற்கிற பெண்ணின் மேல் யுத்தம் வந்து விழுகிறது. விழுந்து, ஆறுதல் சொல்லக்கூடிய தாயை ஓர் ஊரிலும் தமக்கையை வேறோர் ஊரிலும் சிதறடித்து, கணவனின் பிழைப்பைப் பறித்து, வீட்டு அறை ஒன்றில் மூன்று குடும்பங்களை அடைத்து, ஒவ்வொரு சுமையையும் இரட்டிப்பாக்குகிறது.

ஈழத்தின் வடபுலத்தை நினைக்கும் தமிழருக்கு இதற்கு அதிக விளக்கம் வேண்டியதில்லை. யுத்தம் முடிந்த 2009-ஆம் ஆண்டின் ஜூலை முதல் செப்டம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 குடும்பங்களில் நடத்தப்பட்ட ஆய்வில், 22.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வும் 32.6 சதவீதத்தினரிடம் பதற்ற நோயும், 7 சதவீதத்தினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்திய மனநோயும் காணப்பட்டன. இடம்பெயர்ந்து இன்னும் ஊர் திரும்பாதவர்களிடம் அவை மிகுந்திருந்தன. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், யுத்தம் தனி மனிதர்களை மட்டுமன்றிக் குடும்பம், உறவு, ஊர் என்னும் கட்டுக்கோப்பையே காயப்படுத்திவிட்டது என்று பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். கணவன் காணாமற்போன இளந்தாயின் நிலை இதில் தனிக் கொடுமையானது. அவன் இறந்தான் என்று எவரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்பதற்கும் சான்றில்லை. நெற்றியில் குங்குமம் இடுவதா, தவிர்ப்பதா என்பதைக்கூட அவளால் தீர்மானிக்க முடிவதில்லை. முடிவு தெரியாத இத்தகைய இழப்பு, முடிவு தெரிந்த மரணத்தைவிட மனத்தை அதிகமாக உறையவைத்துவிடுகிறது என்பதை அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் 1970-கள் முதல் விளக்கி வந்தார். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீண்ட, காணாமற்போனவர்களைத் தேடும் தாய்மாரின் அறப்போராட்டம், அவ்விளக்கத்தை வீதியோரத்திலேயே மெய்ப்பித்துக் காட்டிற்று.

வானொலி பழித்த பெண்கள்

துன்பத்தின் அளவை எடுத்துரைப்பதோடு நின்றிருந்தால் இந்த ஆராய்ச்சிகள் நம் பெருமூச்சைத் தவிர வேறொன்றையும் பெற்றிரா. அவற்றின் சிறப்பு, துன்பத்துக்கு மாற்று எங்கே இருக்கிறது என்பதையும் தேடிக் கண்டதில் இருக்கிறது. அந்த மாற்றைக் கையில் ஏந்தியவர்களோ பட்டம் பெற்ற வைத்தியர்கள் அல்லர், கிராமத்துப் பெண்கள்.

பாகிஸ்தான் அரசாங்கம் 1994-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் ஒன்றின்படி, எட்டாம் வகுப்பேனும் படித்த உள்ளூர்ப் பெண்கள் சுகாதார ஊழியர்களாகப் பயிற்சி பெற்று, ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட ஒரு பகுதிக்குப் பொறுப்பேற்று, வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனித்து வருகிறார்கள். ஆண் துணையின்றிப் பெண்கள் வெளியே போகாத ஊர்களில், வாசற்படி ஏறி உள்ளே வரக்கூடிய மருத்துவ உதவி இவர்களைத் தவிர வேறில்லை. ஸ்வாத்தில் ஃபஸ்லுல்லா என்பவரின் தலைமையில் தாலிபான்கள் செல்வாக்குப் பெற்ற காலத்தில், அவர்களுடைய பண்பலை வானொலி இந்தப் பெண்களை இழிவான சொற்களால் ஏசிற்று. நடத்தை கெட்டவர்கள் என்று ஊரறியத் தூற்றிற்று. அச்சுறுத்தலுக்கு ஆளான பலர் வேலையைத் துறந்து வீட்டுக்குள் ஒடுங்கினார்கள். கர்ப்பிணியின் கதவைத் தட்டக்கூடிய ஒரே கரத்தை முறிப்பது யுத்தத்தின் தந்திரங்களில் ஒன்றாயிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், 2008-ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு பெரும் பரிசோதனையை அதீஃப் ரஹ்மானின் குழுவினர் நடத்தியபோது, அவர்கள் நம்பியது இந்தப் பெண் ஊழியர்களையே. 40 பஞ்சாயத்து வட்டாரங்களில், மனச்சோர்வு கண்டிருந்த 903 கர்ப்பிணிகள் இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பகுதியில் ஊழியர்களுக்கு இரண்டு நாள் விசேஷப் பயிற்சியும் மாதந்தோறும் மேற்பார்வையும் அளிக்கப்பட்டன. மறு பகுதியிலும் ஊழியர்கள் அதே எண்ணிக்கையில் வீடுகளுக்குப் போனார்கள், ஆனால் அந்தப் பயிற்சி இன்றி. பயிற்சி பெற்றவர்கள் கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் வாரம் ஒரு முறையும், பிரசவித்த முதல் மாதத்தில் மூன்று முறையும், பிறகு மாதம் ஒரு முறையுமாக மொத்தம் 16 தடவை தாயோடு அமர்ந்து பேசினார்கள். நான் எதற்கும் உதவாதவள், என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது என்பன போன்று மனத்தை அரிக்கும் எண்ணங்களைப் படங்களின் துணையோடு அடையாளம் காணவும், அவற்றுக்கு மாற்றான எண்ணத்தைத் தேடவும், தேடிய எண்ணத்தைச் சிறு செயலாக வீட்டில் செய்து பார்க்கவும் அவர்கள் துணை நின்றார்கள். தாயின் உடல்நலம், தாய்க்கும் சேய்க்குமுள்ள பிணைப்பு, தாய்க்கும் சுற்றியுள்ளோருக்குமுள்ள உறவு ஆகிய மூன்றுமே பேச்சின் பொருள்கள். மனநோய் என்ற பெயர் அவ்வீடுகளில் உச்சரிக்கப்படவில்லை. பிறக்கப்போகும் குழந்தையின் நன்மைக்காக என்று சொன்னபோது மாமியாரும் கணவனும் மறுப்பின்றி இடம் கொடுத்தார்கள்.

பலன் என்ன? குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, பயிற்சி பெறாத ஊழியர்கள் சென்ற பகுதியில் 53 சதவீதத் தாய்மார் இன்னும் மனச்சோர்வில் இருக்க, பயிற்சி பெற்றவர்கள் சென்ற பகுதியில் அவ்வாறிருந்தோர் 23 சதவீதத்தினரே. ஓராண்டு முடிவில் அவ்விரு எண்களும் 59, 27 என்று இருந்தன. மருந்தில்லை, மருத்துவமனை இல்லை. சில நூறு மனநல மருத்துவர்களே உள்ள பெரிய தேசமொன்றில், அதே ஊர்ப் பேச்சைப் பேசும் ஒரு பெண் பக்கத்தில் அமர்ந்து முறையறிந்து கேட்டதன் பலன் இது. அம்முறையை உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் கையேடாக வெளியிட்டு எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கிற்று.

அடுத்து அந்த வழி யுத்தம் தின்ற ஸ்வாத்துக்கே சென்றது. கர்ப்பிணிகளுக்குப் பெண் சுகாதார ஊழியர்கள் வாயிலாகவே உளக்கல்வி அளிக்க முடியுமா என்று சிறிய அளவில் ஒரு சோதனை நடத்தப்பட்டு 2017-இல் அதன் முடிவு வெளியாயிற்று. வானொலியில் பழிக்கப்பட்ட அதே வகுப்புப் பெண்கள் அதே பள்ளத்தாக்கின் கதவுகளை மீண்டும் தட்டினார்கள் என்பதே அதில் நம் மனத்தைத் தொடும் செய்தி. பின்னர், பிரச்சினைகளைச் சமாளிக்கும் முறையை ஐந்தே அமர்வுகளில் குழுவாகக் கற்பிக்கும் மற்றொரு திட்டம், ஸ்வாத்தின் 612 பெண்களிடையே சோதிக்கப்பட்டு 2019-இல் லான்செட்டில் வெளிவந்தது. மூச்சைச் சீராக்கிப் பதற்றத்தைத் தணிப்பது, தீர்க்கக்கூடிய தொல்லையைத் தனியே பிரித்தெடுத்துத் தீர்ப்பது, முடங்கிக் கிடக்காமல் சிறு சிறு வேலைகளைத் தொடங்குவது, உதவக்கூடிய உறவுகளைத் தேடிக்கொள்வது ஆகிய நான்கே பாடங்கள். கற்பித்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள். கற்றவர்களின் மனச்சுமை குறைந்தது. உகாண்டாவின் ரைனோ முகாமில் தெற்கு சூடானிலிருந்து ஓடிவந்த 694 அகதிப் பெண்களிடையே, ஒலிப்பதிவுகளைக் கொண்டு நடத்தப்பட்ட குழுப் பயிற்சியும் இவ்வகையில் பயனளித்தது.

எல்லாம் ஒரே ஏற்றமாக நிகழ்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஊதியம் பெறும் ஊழியர்களுக்குப் பதிலாக அக்கம்பக்கத்துத் தாய்மாரையே பயிற்றுவித்து, பாகிஸ்தானில் ரஸாக்கார் என்றும் கோவாவில் சகி என்றும் பெயரிட்டு அனுப்பிப் பார்த்த சோதனைகளின் பலன், முதற் பரிசோதனையின் பலனைப்போல் அவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. தன் முயற்சியின் குறைவையும் ஒளிக்காமல் அச்சிடும் ஆராய்ச்சியே நம்பத்தக்க ஆராய்ச்சி. அதனால்தான் அதன் வெற்றியையும் நாம் ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோம்.

பத்தாவது வினா

எடின்பரோ அளவுகோலின் பத்தாவது வினா, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் எழுந்ததுண்டா என்பதாகும். முதல் ஒன்பது வினாக்களையும் எவரும் கேட்டுவிடலாம். பத்தாவதைக் கேட்பதற்குத் தகுதி வேண்டும். அதற்கு ஒரு தாய் ஆம் என்று விடையளித்த அந்தக் கணத்தில், கேட்டவர் ஆராய்ச்சியாளர் என்ற நிலையைக் கடந்து அவளுடைய உயிருக்குப் பொறுப்பாளர் ஆகிவிடுகிறார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாரானால், அவர் செய்தது ஆராய்ச்சி அன்று, அபசாரம்.

யுத்த பூமியில் இந்தப் பொறுப்பு பன்மடங்காகிறது. ஓர் அறையில் மூன்று குடும்பங்கள் வசிக்கும் இடத்தில், மாமியாரின் செவிக்கு எட்டாமல் மருமகளோடு பேசுவது எங்ஙனம்? கணவனின் கொடுமையைப் பற்றி அவள் வாய் திறந்தால், ஊழியர் எழுந்து போன பிறகு அன்றிரவு அவளுக்கு நேர்வதற்கு யார் காவல்? ஆயுதம் தாங்கியவர்கள் செய்த மானபங்கத்தை அவள் சொல்லிவிட்டாள் என்பது வெளியே தெரிந்தால், அவளுடைய ஊரே அவளுக்குப் பகையாகிவிடாதா? உதவி நிறுவனத்தின் முத்திரையோடு வந்தவரிடம் மறுத்தால் மாவும் கம்பளியும் நின்றுவிடுமோ என்று அஞ்சி அவள் தந்த சம்மதம் சம்மதமாகுமா? 2007-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், பேரிடர் நிலங்களில் பாலியல் வன்கொடுமையைப் பற்றி ஆராய்வோருக்கென விதிமுறைகளை வகுத்தபோது, பாதிக்கப்பட்டவர்களுக்கு அடிப்படைச் சிகிச்சையும் ஆதரவும் கிடைக்கும் ஏற்பாட்டைச் செய்த பிறகே விசாரணையைத் தொடங்கவேண்டும் என்று வலியுறுத்தியதற்குக் காரணம் இதுவே. துன்பப்பட்டவளைத் தன் துன்பத்தைத் திரும்பச் சொல்லவைப்பதற்கு, ஆர்வம் மட்டுமே போதிய நியாயம் ஆகாது. அவள் சொல்வதைக் கேட்பவர் அவளுக்குக் கடன்பட்டவர். அந்தக் கடனைத் தீர்க்கும் வகையை முன்னதாகவே தேடிக்கொள்ளாதவர் அவள் வாசலை மிதிக்கலாகாது.

இப்பின்னணியில் பார்க்கும்போதுதான் ராவல்பிண்டி, ஸ்வாத் ஆராய்ச்சிகளின் மேன்மை நன்கு விளங்குகிறது. அங்கே கேட்டவர்களும் உதவியவர்களும் அந்த மண்ணின் பெண்களே; வந்து போகிறவர்கள் அல்லர், ஆராய்ச்சி முடிந்த மறுநாளும் அதே தெருவில் நடக்கிறவர்கள். கேள்விக்குப் பின் உதவி வருமா என்ற ஐயத்துக்கு அங்கே இடமே இல்லை, ஏனெனில் உதவியே ஆராய்ச்சியின் பொருளாக இருந்தது.

தாய் தனக்காகவும் வாழ்பவள்

குழந்தைக்காக என்று சொல்லித்தான் அவ்வீடுகளின் கதவுகள் திறந்தன. அதில் உண்மையும் இருக்கிறது: மனச்சோர்வுற்ற தாய்மாரின் குழந்தைகள் எடையும் உயரமும் குன்றி, வயிற்றுப்போக்குக்கு அடிக்கடி ஆளாவதை அதீஃப் ரஹ்மானின் குழு 2004-இலேயே காட்டியிருந்தது. ஆனாலும் இந்த வாதத்தில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. குழந்தைக்குப் பயன்படுவதால் மட்டுமே தாயின் மனத்துக்கு மதிப்பு என்று நாம் நினைக்கத் தொடங்கினால், குழந்தைக்கு நேரான பயன் காணப்படாத அன்று, தாயைக் கைவிடுவதற்கும் நியாயம் கற்பித்துவிடுவோம்.

அத்தகைய நாள் உண்மையாகவே வந்தது. ராவல்பிண்டிப் பரிசோதனை முடிந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், உதவி பெற்ற தாய்மாரின் பிள்ளைகளையும் பெறாதவர்களின் பிள்ளைகளையும் ஜோனா மசெல்கோவும் அவருடைய தோழர்களும் ஒப்பிட்டு 2015-இல் முடிவை வெளியிட்டபோது, அறிவு வளர்ச்சியிலும் உடல் வளர்ச்சியிலும் மனப்பாங்கிலும் இரு திறத்தாருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் அதே தாய்மாரைப் பொருளியல் அறிஞர்களும் சேர்ந்து ஆராய்ந்து 2020-இல் எழுதியபோது, வேறொரு செய்தி தெரியவந்தது. ஏழாண்டுகள் கடந்தும், உதவி பெற்ற பெண்களிடையே மனச்சோர்வு மற்றவர்களிடம் இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. வீட்டுப் பணத்தைச் செலவிடுவதில் அவர்களுடைய சொல்லுக்கு அதிக மதிப்பு உண்டாகியிருந்தது. பிள்ளைகளுக்காக அவர்கள் அதிக நேரமும் பொருளும் செலவிட்டார்கள். பதினாறு முறை ஒருத்தி பக்கத்தில் அமர்ந்து கேட்டதன் விளைவு, ஏழாண்டுகளுக்குப் பின் ஒரு பெண் தன் வீட்டில் நிமிர்ந்து நின்று பேசும் குரலாக நிலைத்திருந்தது என்றால், அதைவிடப் பெரிய பலனை எந்த அளவுகோலால் அளக்கப்போகிறோம்? தாயின் நலம் வேறொரு நன்மைக்குச் சாதனம் மாத்திரம் அன்று. அதுவே ஒரு நன்மை.

செய்யவேண்டுவது

இவற்றிலிருந்து அரசாங்கங்களும் உதவி நிறுவனங்களும் கற்கவேண்டியவை கடினமானவை அல்ல. இடம்பெயர்ந்தோருக்கு அரிசியும் கூரையும் ஏற்பாடு செய்யும் அதே நாளில், கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் தனியே கணக்கெடுத்து, அவர்கள் ஒவ்வொருவரையும் மாதம் ஒரு முறையேனும் சென்று காண்பதற்கு, அவர்கள் மொழி பேசும் பெண் ஒருத்தியை நியமிக்கவேண்டும். அவளுக்கு இரண்டு நாள் பயிற்சியைக் கொடுத்து விட்டுவிடாமல், சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஒரு மேற்பார்வையாளரும், ஆபத்து நேர்ந்தால் உடனே அனுப்புவதற்கு ஒரு மருத்துவரும் இருக்கவேண்டும். அவள் உழைப்புக்கு ஒழுங்கான ஊதியமும், அவள் உயிருக்கும் மானத்துக்கும் பாதுகாப்பும் வேண்டும். அரைவயிற்றுக் கஞ்சியும் அடிக்கும் கணவனும் இருக்கும் வீட்டில் எண்ணத்தை மாற்றிக்கொள் என்று போதிப்பது கொடுமை. ஆதலால் கணவனுக்குப் பிழைப்பும், குடும்பத்துக்கு நிலமும், காணாமற்போனவர்களைப் பற்றி உண்மையான விடையும் தருவதும் மனநல சிகிச்சையின் பகுதிகளே என்பதை ஆட்சியாளர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆராய்ச்சியாளர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. காசாவிலும் சூடானிலும் மியான்மர் எல்லையிலும் இன்று பிரசவித்துக்கொண்டிருக்கும் பெண்களிடம் நாளை எவரேனும் வினாத்தாளோடு போவார்கள்; போகவும் வேண்டும், ஏனெனில் எண்ணப்படாத துன்பத்துக்கு எந்த அரசும் பணம் ஒதுக்குவதில்லை. போகிறவர்கள் தங்கள் வினாக்களை எழுதுவதற்கு முன், பத்தாவது வினாவுக்கு ஆம் என்று விடை வந்தால் செய்யவேண்டியதை எழுதிக்கொள்ளட்டும். அந்த மண்ணின் பெண்களைச் செய்தி சேகரிப்பவர்களாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஆய்வை வகுப்பதிலும் முடிவை எழுதுவதிலும் பங்காளிகளாக்கட்டும். முடிந்த ஆய்வின் முடிவை முதலில் அந்தத் தாய்மாரிடமே கொண்டுபோய்ச் சொல்லட்டும். யுத்தங்களைத் தொடங்குவோர் அந்தப் பெண்களின் அனுமதியைக் கேட்டதில்லை. அவர்களைப் பற்றி அறிய விரும்புவோரேனும் அவர்களுடைய கௌரவத்தை முன்வைத்து நடப்பது, இந்நூற்றாண்டின் விஞ்ஞானம் தாய்மைக்குச் செலுத்தவேண்டிய குறைந்தபட்சக் கடமை.